தாலுகா, கூற்றம், பற்று: நிலப்பிரிவுச் சொற்கள் குறித்து வாசகர் கேட்டவை

நாட்டைப் பங்கிட்டு ஆள்வதற்கு நம் மண்ணில் காலந்தோறும் வழங்கிய பெயர்களைப் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மன்னார்குடி வாசகரின் கடிதம்தான் இதற்குத் தூண்டுகோல் என்பதால், அதற்கே முதலிடமும் கூடுதலான இடமும் தந்திருக்கிறோம்.

என் பாட்டனார் 1938-ஆம் ஆண்டு எழுதி வாங்கிய கிரயப் பத்திரத்தின் தபசில் ‘தஞ்சாவூர் ஜில்லா, மன்னார்குடி தாலூகா’ என்று தொடங்குகிறது. பிறகு பிர்கா, மஜரா என்றெல்லாம் வருகிறது. இன்று அதே நிலம் திருவாரூர் மாவட்டம், மன்னார்குடி வட்டத்தில் இருக்கிறது. தாலுகா என்பது எம்மொழிச் சொல்? ஆங்கிலம் என்கிறார் ஒரு நண்பர். ‘தாள்’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார் இன்னொருவர்.
– வாசகர், மன்னார்குடி

இரண்டு விளக்கங்களும் பொருந்தா. ஆங்கிலேயர் இச்சொல்லை இங்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டார்கள். தாளுக்கும் இதற்கும் ஓசை ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை. தாலுகா அரபு மொழியில் பிறந்து, பாரசீகத்தின் வழியே இந்தியாவுக்கு வந்து, நவாபுகளின் கச்சேரிகளில் புழங்கி, அங்கிருந்து கும்பினியாரின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியாரின், கணக்குப் புத்தகங்களில் ஏறிய சொல். அரபு மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யொலிகள் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. தாலுகாவின் வேர்ச்சொல்லுக்குத் தொங்குதல், ஒட்டிக்கொள்ளுதல், பற்றிக்கொள்ளுதல் என்பன பொருள். உடம்பில் ஒட்டினால் எளிதில் விடாத அட்டைக்கும் அம்மொழியில் இதே வேரிலிருந்துதான் பெயர் அமைந்திருக்கிறது. இவ்வேரிலிருந்து வந்த ‘தஅல்லுக்’ என்பதற்குத் தொடர்பு, சார்பு என்று பொருள். இருவருக்கிடையே உள்ள உறவை உருது பேசுவோர் இன்றும் இச்சொல்லால்தான் குறிக்கிறார்கள். அதன் மறுவடிவமே ‘தஅல்லுகா’, அதாவது ஒருவரைச் சார்ந்த நிலம், ஒருவரது பொறுப்பில் ஒட்டியிருக்கும் நிலம்.

எனவே இச்சொல் தொடக்கத்தில் நிலத்தின் பரப்பையோ வடிவத்தையோ குறிக்கவில்லை. ‘இந்த நிலத்தின் வரிக்கு யார் பொறுப்பு’ என்ற கேள்விக்கு விடையாகவே அது பிறந்தது. வடக்கே அவத் பகுதியில் தாலுக்தார் எனப்பட்டவர்கள் பெரும் நிலக்கிழார்களாக விளங்கியதை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். அவர்களிடம் இருந்த தாலுகா ஒரு குடும்பத்தின் உடைமை. சென்னை மாகாணத்தில் நிலைமை வேறு. 1799-இல் தஞ்சையின் ஆட்சியும் 1801-இல் கர்நாடக நவாபின் நாடும் கும்பினியின் கைக்கு வந்தபோது, வரிக்கணக்கில் அதுவரை வழங்கிய சொற்களை ஆங்கிலேயர் மாற்ற முயலவில்லை. கணக்கு அறிந்தவர்கள் பழைய ஊழியர்கள். அவர்கள் அறிந்த சொற்கள் பாரசீகச் சாயல் கொண்டவை. ஆனால் இங்கே பெரும்பகுதியில் இரயத்துவாரி முறை நிலைபெற்று, உழுகுடியிடமிருந்து அரசே நேரடியாகத் தீர்வை வாங்கியதால், இடையில் தாலுக்தார் என்று ஒருவர் தேவைப்படவில்லை. ஆள் போய், பெயர் மட்டும் நிலத்தோடு நின்றது. ‘இன்னாரைச் சார்ந்தது’ என்ற பொருள் தேய்ந்து, தாசில்தார் ஒருவரின் கீழுள்ள ஊர்களின் தொகுதி என்ற இன்றைய பொருள் அப்படித்தான் உறுதிப்பட்டது.

தாசில்தாரைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘தாசில்’ என்றால் திரட்டுதல், தண்டுதல். ‘தார்’ என்பது கையில் கொண்டவர் என்று பொருள்படும் பாரசீக ஈறு. வட மாநிலங்கள் பலவற்றில் நாம் தாலுகா என்பதையே ‘தெஹ்சில்’ என்று வழங்குகிறார்கள். அங்கே வரி தண்டும் செயலே இடத்தின் பெயராகிவிட்டது. ‘இந்தப் போகம் நல்ல மகசூல்’ என்று நம் விவசாயிகள் சொல்லும் மகசூலும் தாசிலும் ஒரே வேரில் பிறந்தவை என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த வியப்பாக இருந்தது. ஈட்டியது மகசூல், ஈட்டியதிலிருந்து அரசு திரட்டுவது தாசில். வசூல் என்பதும் அரபுச் சொல்லே என்றாலும் அதன் வேர் வேறு. வந்து சேர்தல் என்பது அதன் முதற்பொருள்.

உங்கள் பத்திரத்தில் உள்ள மற்றச் சொற்களையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். ஜில்லா என்பதற்கு அரபு மூலத்தில் விலா எலும்பு என்று பொருள். அதிலிருந்து பக்கம் என்ற பொருள் கிளைத்தது. முக்கோணத்தின் பக்கத்தைக்கூட அம்மொழியின் வடிவியல் நூல்கள் இச்சொல்லால்தான் குறிக்கின்றன. ஆக, நாட்டின் ஒரு பக்கம் ஜில்லா. பிர்கா என்பது பிரித்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. கூட்டம், பிரிவு என்பன அதன் பொருள். வருவாய் ஆய்வாளர் ஒருவரின் பொறுப்பில் உள்ள சில ஊர்களை அது குறிக்கும். இன்று குறுவட்டம் என்றும் உள்வட்டம் என்றும் எழுதுகிறார்கள். மஜரா என்பது விதைத்தல் என்ற வேரிலிருந்து வந்த சொல். முதலில் விளைநிலத்தைக் குறித்து, பிறகு அவ்விளைநிலத்தை ஒட்டி எழுந்த சிறு குடியிருப்பைக் குறித்தது. ஆகவே மஜரா என்று எழுதப்பட்டிருந்தால், அது தாய்க் கிராமம் ஒன்றின் கணக்கில் அடங்கிய உட்கிடைக் கிராமம் என்று கொள்ளலாம்.

சொத்து விவரத்தைக் குறிக்கும் தபசிலும், வரி ஆண்டைக் குறிக்கும் பசலியும்கூட ஒரு வேர்ச் சொற்கள்தாம். வகுத்தல், பிரித்தல் என்ற பொருளுடைய வேர் அது. விவரமாக வகுத்துரைப்பது தபசில். ஆண்டை வகுக்கும் பருவத்தை, அதாவது அறுவடைக் காலத்தை ஒட்டியது பசலி. அந்தப் பத்திரத்தோடு 1938-ஆம் ஆண்டின் தீர்வை ரசீது ஏதேனும் இருந்தால் அதில் பசலி 1347 என்றோ 1348 என்றோ எழுதியிருப்பதைக் காண்பீர்கள். பசலி ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்குகிறது. அன்றுள்ள ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி கிடைக்கும்.

உங்கள் நிலம் இருந்த இடத்திலேயே இருக்க, 1997-இல் திருவாரூர் தனி மாவட்டமானதால் மேலே உள்ள பெயர் மாறிவிட்டது. புதிய பத்திரம் எழுதும்போது மூலப் பத்திரத்தில் உள்ள பழைய பெயர்களை விட்டுவிடாமல், ‘முன்பு தஞ்சாவூர் ஜில்லா, தற்போது திருவாரூர் மாவட்டம்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பின்னால் வில்லங்கம் பார்ப்பவர்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘தஞ்சாவூர்க் கூற்றம்’ என்று வருகிறது. கூற்றம் என்றால் எமன் அல்லவா? ஊர்ப்பெயரோடு அதை எப்படிச் சேர்த்தார்கள்?
– வாசகி, கும்பகோணம்

‘கூற்றம் குதித்தலும் கைகூடும் நோற்றலின் ஆற்றல் தலைப்பட் டவர்க்கு’ என்ற குறளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பு. இரண்டு கூற்றங்களுக்கும் அடி ‘கூறு’ என்பதே. ஆறு என்பது ஆற்று என்றும் சோறு என்பது சோற்று என்றும் இரட்டித்து வருவதைப் போலக் கூறு என்பது கூற்று என்றாகி, அம் விகுதி பெற்றுக் கூற்றம் ஆயிற்று. உடலையும் உயிரையும் கூறுபடுத்துவதால் எமன் கூற்றம் என்பது மரபாகச் சொல்லப்படும் விளக்கம்; நாட்டைக் கூறுபடுத்தியதில் கிடைத்த ஒரு கூறு, நிலமாகிய கூற்றம். முந்தைய விடையில் பிர்கா என்பதற்குப் பிரிவு என்று பொருள் கண்டோமே, அதற்கு முற்றிலும் நேரான தமிழ்ச்சொல் கூற்றம்தான். ஆனால் பரப்பில் கூற்றம் பெரியது.

நீங்கள் குறிப்பிடும் கல்வெட்டு முதலாம் இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010-ஐ ஒட்டி, வெட்டப்பட்டது. அதில் வரும் தொடரை நின்று படித்துப் பாருங்கள்: ‘பாண்டிகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர் நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’. வளநாடு பெரிது, அதனுள் கூற்றம், அதனுள் ஊர், அவ்வூரில் கற்றளி. பெரியதிலிருந்து சிறியதற்கு ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் கோயிலின் வாசலில் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது அந்த ஒரு தொடர். அசனி என்றால் இடி. பாண்டியர் குலத்துக்கு இடியானவன் என்பது மன்னன் பூண்ட பட்டம். உய்யக்கொண்டார் வளநாடு, அருமொழிதேவ வளநாடு, நித்தவினோத வளநாடு, கேரளாந்தக வளநாடு என மற்ற வளநாடுகளும் அவன் பெயராலும் பட்டங்களாலும் அமைந்தவையே. ஆனால் கூற்றத்தின் பெயரை அவன் தொடவில்லை. மேலடுக்கில் அரசனின் பட்டம், கீழடுக்கில் மக்கள் வழங்கிய ஊர்ப்பெயர் என்ற இந்த அமைப்பு கவனிக்கத்தக்கது. மேலடுக்குப் பெயர்கள் ஆட்சியோடு மறைந்தன. தஞ்சாவூர் இன்றும் தஞ்சாவூராகவே இருக்கிறது.

மன்னார்குடி வாசகரின் 1938 பத்திரத்தையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜில்லா, தாலூகா, பிர்கா, கிராமம், சர்வே எண் என்று அதுவும் பெரியதிலிருந்து சிறியதற்கே இறங்குகிறது. அஞ்சல் உறையின் முகவரியில் வீட்டு எண்ணில் தொடங்கி மாவட்டத்தில் முடிக்கும் முறைக்கு நாம் பழகிவிட்டோம்; நிலம் பற்றிய எழுத்து மட்டும் கல்வெட்டின் வரிசையை இன்றளவும் விடவில்லை. பத்திரம் எழுதுபவரின் கைப்பழக்கத்தில் ஆயிரம் ஆண்டுப் பழைய ஒழுங்கு வாழ்கிறது.

கூற்றம் சோழர் புதிதாகப் படைத்த பிரிவும் அன்று. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடும் புறநானூற்றின் 24-ஆம் பாட்டில் மிழலை, முத்தூறு என்ற இரண்டு நிலப்பகுதிகள் வருகின்றன. பிற்காலக் கல்வெட்டுகளில் இவை மிழலைக் கூற்றம், முத்தூற்றுக் கூற்றம் என்றே காணப்படுகின்றன. குடவோலைத் தேர்தலுக்குப் புகழ்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டிலும் ஓர் அரிய சொல்லாட்சி உண்டு. ‘காலியூர்க் கோட்டத்துத் தன் கூற்று உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம்’ என்கிறது அது. வேறு எந்தப் பிரிவுக்குள்ளும் அடங்காமல் தானே ஒரு கூறாக நின்ற பேரூர் என்பதைத் ‘தன் கூற்று’ என்ற இரண்டே சொற்களில் சொல்லிவிட்டார்கள். அலுவலகத் தமிழ் இத்தனை சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல சான்று இல்லை.

மாவட்டம் என்பதில் உள்ள ‘மா’ நில அளவைக் குறிக்குமா? எங்கள் பகுதியில் இன்றும் நிலத்தை மாக்கணக்கில்தான் சொல்கிறோம்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

குறிக்காது. இருபது மா கொண்டது ஒரு வேலி என்ற கணக்கில் வரும் மா வேறு. மாவட்டத்தில் உள்ள மா, மாநகர், மாமன்னர் என்பவற்றில் வருவதைப் போலப் பெரிய என்ற பொருள் தரும் உரிச்சொல். தாலுகாவை வட்டம் என்று ஆக்கிய பிறகு, பல வட்டங்களை உள்ளடக்கிய ஜில்லாவுக்கு மாவட்டம் என்ற பெயர் தானாகவே அமைந்தது.

மா சேர்ந்த இன்னொரு சொல் மாநிலம். ‘மாநிலம் சேவடி யாகத் தூநீர் வளைநரல் பௌவம் உடுக்கை யாக’ என்று நற்றிணையின் கடவுள் வாழ்த்துத் தொடங்குகிறது. அங்கே மாநிலம் என்பது திருமாலின் திருவடியான பேருலகம் முழுவதும். இங்கே ஒரு கூட்டாட்சியின் உறுப்பு. பொருள் எவ்வளவு சுருங்கினாலும் சொல்லின் கம்பீரம் குறையவில்லை என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ப்பெயரில் நாடு இருக்கிறது. தமிழ்நாட்டிலும் நாடு இருக்கிறது. இந்தியாவையும் நம் நாடு என்கிறோம். ஒரே சொல் இத்தனை அளவுகளுக்கு எப்படிப் பொருந்தும்?
– வாசகர், ஒரத்தநாடு

நாடு முதலில் அளவைக் குறித்த சொல் அன்று. நிலத்தின் தன்மையைக் குறித்த சொல். ‘நாடா கொன்றோ காடா கொன்றோ’ என்று தொடங்கும் ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டில் நாடு காட்டுக்கு எதிராக நிற்கிறது; அடுத்த வரியில் அவல் மிசைக்கு எதிராக, அதாவது பள்ளம் மேட்டுக்கு எதிராக நிற்பதைப் போல. காடு திருத்திக் குடியேறிப் பயிர்செய்த நிலம் எதுவோ அது நாடு. ‘நாடென்ப நாடா வளத்தன’ என்று வள்ளுவர் சொல்லோடு சொல்லை வைத்து விளையாடும்போதும், தேடி வருந்தாமல் விளைவு தரும் நிலம் என்ற கருத்தையே முன்வைக்கிறார். தன்மையைச் சொல்லும் பெயர் என்பதால் அது சில ஊர்களுக்கும் பொருந்தும், பேரரசுக்கும் பொருந்தும்.

சோழர் காலத்தில் இரண்டு வழக்கும் அருகருகே இருந்தன. சோழநாடு, பாண்டிநாடு என்பன பெருநிலங்கள். அவற்றுக்குள்ளேயே வளநாட்டின் உட்பிரிவாகச் சிறு நாடுகள் இருந்தன. சிறு நாட்டில் வேளாண் குடிகளின் அவை ஒன்று உண்டு. அதற்கு நாட்டார் என்றே பெயர். கோயிலுக்கு நிலம் விடுவது, வரி பற்றி முடிவெடுப்பது முதலியவற்றில் நாட்டார் ஒப்பம் இட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கிராமங்களில் நாம் கேட்கும் நாட்டாண்மை என்ற சொல் அந்த அவையின் எச்சம். கேரளத்தில் ஏறநாடு, குட்டநாடு என்ற பெயர்கள் இன்றும் தாலுகாக்களின் பெயர்களாகவே நிலைத்திருக்கின்றன.

தமிழ்நாடு என்ற பெயருக்காக 1956-இல் உண்ணாநோன்பிருந்து சங்கரலிங்கனார் உயிர்நீத்தார். 1967-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயரின் பிற்பாதியில் இருப்பது, ஒரு காலத்தில் சில ஊர்கள் கூடிப் பேசி முடிவெடுத்த சிறு நிலத்தின் பெயரும்தான் என்பதை ஒரத்தநாட்டுக்காரராகிய நீங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

கோட்டம் என்றால் வளைவு, கோணல் என்றும், கோயில் என்றும் படித்திருக்கிறேன். வருவாய்க் கோட்டம், காவல் உட்கோட்டம் என்று செய்தித்தாள்களில் எழுதுவது சரிதானா? தாலுகாவை வட்டம் என்று எழுதுவதில் தங்கள் கருத்து என்ன?
– தமிழாசிரியை, காஞ்சிபுரம்

காஞ்சிபுரத்திலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது பொருத்தமானது. தொண்டைமண்டலத்தில் 24 கோட்டங்கள் இருந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு; உங்கள் நகரம் எயிற்கோட்டத்தில் அடங்கியது. மயிலாப்பூரும் திருவான்மியூரும் புலியூர்க் கோட்டத்தில் இருந்தன. சோழநாட்டில் கூற்றமும் வளநாடும் வழங்கியபோது, வடக்கே தொண்டைமண்டலம் தன் கோட்டத்தை விடாமல் காத்தது. கோடுதல் என்றால் வளைதல். வளைத்துச் சூழப்பட்ட இடம் கோட்டம். மதில் சூழ்ந்த கோயிலும் அதனால்தான் கோட்டம். எல்லை சூழ்ந்த நிலமும் அதனால்தான் கோட்டம்.

‘சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்’ என்ற குறளை நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். அங்கே உட்கோட்டம் என்பது நெஞ்சில் உள்ள கோணல். செய்தித்தாளில் உட்கோட்டம் என்பது துணைக் கண்காணிப்பாளர் ஒருவரின் எல்லை. மாணவர்கள் மயங்கக்கூடும் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும் வழக்கு தவறன்று. பழைய கோட்டம் மண்டலத்துக்குக் கீழும் நாட்டுக்கு மேலும் இருந்தது. இன்றைய வருவாய்க் கோட்டம் மாவட்டத்துக்குக் கீழும் வட்டங்களுக்கு மேலும் இருக்கிறது. ஏணியில் அதே நடுப்படியில்தான் சொல்லை மீண்டும் வைத்திருக்கிறார்கள். 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு அலுவலகத் தமிழுக்குச் சொல் தேடியவர்கள், கல்வெட்டிலிருந்து எடுக்கக்கூடியதை எடுத்தார்கள் என்றால் அது பாராட்டத்தக்கது.

வட்டத்துக்கு வருவோம். வட்டம் என்ற சொல்லை வடமொழியின் ‘விருத்தம்’ என்பதோடு தொடர்புபடுத்துவோரும், வளைதலைக் குறிக்கும் ‘வள்’ என்ற தமிழ் வேரிலிருந்து காட்டுவோரும் உண்டு. எப்படியாயினும் பொருள் ஒன்றே. மண்டலம் என்ற வடசொல்லுக்கும் வட்டம் என்றே பொருள். சோழமண்டலம் என்பதை ஐரோப்பியர் கோரமண்டல் என்று திரித்து, வங்கக் கடற்கரைக்குப் பெயராக உலக வரைபடத்தில் ஏற்றினார்கள். ஆந்திரத்தில் 1985-இல் தாலுகாக்களை எடுத்துவிட்டு அவற்றினும் சிறியனவாக அமைத்த பிரிவுகளுக்கும் மண்டல் என்றே பெயரிட்டார்கள். கோட்டம், வட்டம், மண்டலம் ஆகிய மூன்றும் வளைவையே சொல்கின்றன. ஒரு நடுவிடம், அதைச் சுற்றி ஊர்கள் என்றே நம்மவர் ஆட்சி எல்லையை மனத்தில் கண்டிருக்கிறார்கள். பட்டா மாற்றவும் சான்றிதழ் வாங்கவும் சுற்றுவட்டாரமெல்லாம் ஒரே ஊருக்கு வந்து போகும் இடம்தானே வட்டாட்சியர் அலுவலகம்.

எழுத்தில் வட்டம் என்பதையே நான் விரும்புகிறேன். மாணவர்க்கும் அதையே கற்பிக்கலாம். பேச்சில் ‘தாலுகா ஆபீஸ்’ என்பதைத் திருத்த வேண்டிய தேவை இல்லை; இருநூறு ஆண்டுக்கு மேலாக நம் நாவில் பழகிய சொல் அது. ஒரே ஓர் எச்சரிக்கை: வட்டம் வேறு, வட்டாரம் வேறு. வட்டம் வருவாய்த் துறையின் பிரிவு. வட்டார வளர்ச்சி அலுவலரின் எல்லையாகிய ஊராட்சி ஒன்றியம் வளர்ச்சிப் பணிக்கான பிரிவு. இரண்டின் எல்லைகளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. விண்ணப்பத்தில் ஒன்றின் கட்டத்தில் மற்றொன்றை நிரப்பித் திரும்பவும் அலைபவர்கள் பலர்.

சிவகங்கைச் சீமை என்பதிலும் சீமை எண்ணெய் என்பதிலும் வருவது ஒரே சீமையா?
– வாசகர், காளையார்கோவில்

ஒரே சொல்தான். எல்லை என்று பொருள்படும் வடசொல் ‘சீமா’ தமிழில் சீமை ஆயிற்று. எல்லையைக் குறித்த சொல், எல்லைக்குள் அடங்கிய நிலத்தைக் குறித்தது; அதுவே சிவகங்கைச் சீமை. பிறகு கப்பலில் வந்தவர்களின் நாடும் சீமை எனப்பட்டு, அங்கிருந்து வந்த பொருள்களுக்கெல்லாம் அடைமொழியாயிற்று. சீமை எண்ணெய், சீமைக் கருவேலம் ஆகியவை அவ்வகை.

எங்கள் மாவட்டத்தில் ஏறாவூர்ப் பற்று, மண்முனைப் பற்று, கோறளைப் பற்று, போரதீவுப் பற்று என்றெல்லாம் பிரதேச செயலாளர் பிரிவுகள் உள்ளன. பேச்சில் ‘பத்து’ என்கிறோம். பத்துப் பத்து ஊர்களாகப் பிரித்ததால் வந்த பெயர் என்று ஒரு முதியவர் சொன்னார். சரியா?
– வாசகி, மட்டக்களப்பு

எண்ணுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. காற்று பேச்சில் காத்து என்றும் நேற்று நேத்து என்றும் ஆவதைப் போலப் பற்று பத்து ஆயிற்று; எழுத்தில் நீங்கள் காப்பாற்றி வரும் றகரமே சொல்லின் உண்மையான வடிவத்தைக் காட்டுகிறது. அக்கரைப்பற்று, முல்லைத்தீவின் கரைதுறைப்பற்று ஆகியவற்றில் இருப்பதும் இதே பற்றுதான். சிங்களப் பகுதிகளின் பழைய ஆட்சிமுறையிலும் கோறளை என்ற பிரிவுக்குக் கீழே ‘பத்துவ’ என்ற பிரிவு இருந்தது.

பற்றுதல் என்றால் பிடித்தல். ஒருவரோ ஒரு குடியோ கைப்பற்றி, உரிமையோடு வைத்துக்கொண்ட நிலம் பற்று. தமிழகத்திலும் இந்தச் சொல்லாட்சி உண்டு. படைவீரர்களின் பிடிப்பில் இருந்த ஊர்களைப் படைப்பற்று என்று புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆனால் தமிழகத்தில் ஆட்சிப் பிரிவின் பெயராக அது வழக்கிழந்துவிட்டது. உங்கள் மாவட்டத்திலோ அரச முத்திரையிலும் பெயர்ப்பலகையிலும் இன்றும் அச்சொல் உயிரோடு இருக்கிறது.

மன்னார்குடி வாசகருக்குச் சொன்னதை இப்போது இதன் அருகில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொள்ளுதல், பற்றிக்கொள்ளுதல் என்ற வேரிலிருந்து பிறந்து, ஒருவரின் பொறுப்பில் உள்ள நிலத்தைக் குறித்து, பிறகு ஆட்சிப் பிரிவாக நிலைத்த சொல் தாலுகா. பற்று நடந்து வந்த வழியும் அதுவே. ஒன்று அரபு நாட்டிலிருந்து வந்தது, மற்றொன்று நம் மொழியிலேயே பிறந்தது. இரண்டுக்கும் பிறப்பால் உறவில்லை. தாலுகாவுக்குச் சொல்லுக்குச் சொல் நேரான தமிழ் என்னவென்று யாராவது என்னைக் கேட்டால், வட்டம் என்று சொல்லமாட்டேன். மட்டக்களப்பில் வழங்கும் பற்று என்றே சொல்வேன்.